அண்ணன் விட்டுப்போன தோலும் நாலு நாற்காலியும்

வளைந்த ஊசி துணிக்குள் இறங்கி, கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே திரும்பி, கொஞ்சம் தள்ளி மறுபடி வெளியே எட்டிப் பார்த்தது. அது எட்டிப் பார்க்கும் இடத்தில் இடது கைக் கட்டைவிரல் ஏற்கெனவே காத்திருந்தது. வலது கை நூலை இழுக்க, இடது கை அதை ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கியது. இரண்டு கைகளும் பல வருஷம் ஒரே வீட்டில் குடித்தனம் பண்ணியவர்களைப் போல, பேச்சில்லாமலே ஒன்றுக்கொன்று இடம் விட்டு நடந்துகொண்டன.

தைத்துக்கொண்டிருந்தது முடிதிருத்தும் கடை நாற்காலியின் தலைமெத்தை. அதன் சொந்தக்காரர் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, தன் நாற்காலிக்கு ஆபரேஷன் நடக்கிறது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன்" என்றாள் தைத்துக்கொண்டிருந்தவள். "நீ யாருக்காவது நன்கொடை, உதவின்னு ஏதாச்சும் செய்யறியா?"

"என்னக்கா, உங்க வேலைக்கே நான் இன்னும் காசு குடுக்கல. அதுக்குள்ள நன்கொடையா?"

"உன்கிட்ட வசூலுக்கு வரல. தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்."

அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார். பிறகு சொன்னார்: கடை விடுமுறை நாளில் கண் தெரியாத பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போய் முடி வெட்டிவிடுகிறார். சோப்பு, சீப்பு எல்லாம் அவர் செலவு.

"ஏன் அந்த இடம்?"

"கண்ணாடியைப் பாத்துக் குறை சொல்ல மாட்டாங்கன்னு நெனச்சுத்தான் மொதல்ல போனேன்." அவரே சிரித்துக்கொண்டார். "போய்ப் பாத்தாதான் தெரியுது. ஒரு பையன் தலையைக் கையால தடவிப் பாத்து, 'அண்ணே, எடது காதுக்கு மேல ஒரு இடத்துல விட்டுட்டீங்க'ங்கறான். குனிஞ்சு பாக்கறேன், உண்மையிலயே விட்டிருக்கேன். கண்ணு இருக்கறவன் ஒருத்தனும் அதைக் கண்டுபிடிச்சதில்ல. அதுலேருந்து போகாம இருக்க முடியல."

ஊசி ஒரு நொடி நின்றது. மறுபடி இறங்கியது. இந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது. இப்படிப்பட்ட பதில்களைச் சில வாரங்களாகச் சேர்த்துவருகிறாள்.

கடைத்தெருவில் அவளுக்குப் பேர் குஷனக்கா. சோபா, நாற்காலி, வண்டி சீட்டு என்று எதற்குள் ஸ்பிரிங்கும் ஸ்பாஞ்சும் இருக்கிறதோ அதெல்லாம் அவள் ராஜ்யம். கடை அண்ணனுடையது. சின்ன வயதில் அண்ணனுக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்தவள், அவன் கை கழுவப் போன நேரத்தில், உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்க ஒரு பழைய சோபாவைப் பிரித்துவிட்டாள். "பிரிச்சவளே தைச்சுக் குடு" என்றான் அண்ணன். தைத்துக் கொடுத்தாள். அதற்கப்புறம் சாப்பாடு கொண்டுவர வேறு ஆள் பார்க்க வேண்டியதாயிற்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு, "உக்காரவெச்சுப் பாத்தேன், ஒருத்தரும் சரியா உக்காரல" என்பாள்.

புது வேலை வந்தால் துணியையோ நிறத்தையோ பற்றி முதலில் பேச மாட்டாள். யார் உட்காருவார்கள், எவ்வளவு நேரம் உட்காருவார்கள், எழுந்திருக்கும்போது எதைப் பிடித்துக்கொள்வார்கள் என்று கேட்பாள். வாடிக்கையாளர்கள் இதற்கு விசாரணைக் கமிஷன் என்று பேர் வைத்திருந்தார்கள்.

இப்போது அந்தக் கமிஷன் நன்கொடைப் பக்கம் திரும்பியதற்குக் காரணம் பரணில் இருந்தது.

பரணில் ஒரு தோல் சுருள். அண்ணன் இருபது வருஷத்துக்கு முன்னால், மூடப்போகிற ஒரு கார் சீட்டுக் கம்பெனியிலிருந்து வாங்கிவந்தது. தேன் நிறம். ஒரு தழும்பு கிடையாது, ஒரு பூச்சிக்கடி கிடையாது. வருஷத்துக்கு ஒருமுறை அதைக் கீழே இறக்கி விரித்து, களிம்பு தடவி, காயவிட்டு, வேறு பக்கமாகச் சுருட்டி மேலே ஏற்றுவான். பக்கத்துத் தெருவில் கார் சீட்டு தைப்பவர் பல தடவை விலை கேட்டுப் பார்த்தார். "இது விலைக்கு இல்லப்பா. ஒரு நல்ல காரியத்துக்கு" என்பான் அண்ணன். எந்த நல்ல காரியம் என்றால், "வரட்டும், பாக்கலாம்."

அது வருவதற்குள் அவன் போய்விட்டான். போன மழைக்காலத்தில், இரண்டே நாள் காய்ச்சலில்.

அண்ணிக்கு ஒரே பிடிவாதம். "வருஷம் திரும்பறதுக்குள்ள அவர் சொன்னதைச் செஞ்சு முடிச்சிடணும். அவர் பேரு எங்கயாவது ஒரு இடத்துல எழுதியிருக்கணும். கடை போர்டுல கூட 'சோபா வேலை'ன்னு மட்டும் எழுதிவெச்ச மனுஷன். தன் பேரைப் போட்டுக்கத் தெரியல."

தோல் சட்டப்படியும் நியாயப்படியும் அண்ணியுடையது. அதை வெட்டத் தெரிந்த கை நாத்தனாருடையது. அதனால் இருவரும் சேர்ந்தால்தான் காரியம் நடக்கும். நடுவில் அண்ணியின் மகள் வேறு. இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. கணக்குப் போடாமல் தும்மக்கூட மாட்டாள்.

"அத்தை, அந்தத் தோலை வித்துடுங்க" என்றாள் மகள் ஒரு நாள் கடைக்கு வந்து. "வர்ற காசுக்குக் கொசுவலை வாங்கி அனுப்பலாம். நான் மாசாமாசம் பணம் அனுப்பற சங்கம் ஒண்ணு இருக்கு. எங்கயோ தூரத்து ஊருங்க. ஒரு வலை அங்க ரெண்டு பிள்ளைங்களைக் காய்ச்சல்லேருந்து காப்பாத்தும். ஒரு வலைக்கு ஆகற காசை நீங்க ஒரு வாரத்து டீயிலயே குடிச்சிடறீங்க."

"நான் பாக்காத ஊரு."

"நீங்க பாக்கலைங்கறது அந்தப் பிள்ளைங்க பண்ணின தப்பா?"

அந்தக் கேள்வி குஷனக்காவோடு வீட்டுக்கும் போயிற்று. கேட்டுச் சேர்த்த பதில்களை எல்லாம் வரிசையாக எடுத்துப் பார்த்தாள். முடிதிருத்துபவர் தலை தடவும் பிள்ளைகளிடம் போகிறார். துணி தேய்த்துக் கொடுக்கும் அம்மா, தீக்காயம் பட்டவர்களின் வார்டுக்குப் பழைய பருத்தித் துணி சேர்க்கிறாள். பஸ் ஓட்டுகிறவர் தெருநாய்களுக்குச் சோறு வைக்கிறார்; ஒருமுறை பிரேக் பிடிக்காமல் போன கதையை அவர் சொல்லாமல் விட்டாலும் முகம் சொல்லிவிட்டது. எல்லோரும் தங்கள் வேலை காட்டிக்கொடுத்த இடத்தில்தான் கை நீட்டுகிறார்கள். அப்படியானால் யாருடைய வேலையும் தொடாத இடத்தில் இருப்பவர்களை யார் பார்ப்பது? மகள் கேட்டது அதைத்தான். ஆனால் கணக்கு கணக்கு என்று சொல்லும் அந்தப் பெண்ணின் கையும், அப்பாவைக் கொண்டுபோன காய்ச்சலின் பக்கமாகத்தானே நீண்டிருக்கிறது? இதை மகளிடம் சொல்லவில்லை. தானே ஆச்சரியப்பட்டுக்கொண்டாள்.

அண்ணி இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. "பெத்தவங்க இல்லாத பிள்ளைங்க இருக்கற இல்லம் ஒண்ணு இருக்கு. அங்க ஒரு பெரிய சோபா பண்ணிக் குடு. பித்தளைத் தகட்டுல அவர் பேரு. பிள்ளைங்க தெனம் படிக்கும்."

"போய்ப் பாத்துட்டுச் செய்யலாம் அண்ணி."

"சோபா குடுக்கறதுக்கு எதுக்குப் பாக்கணும்? வேண்டாம்னா சொல்லப்போறாங்க?"

போனார்கள். காப்பாளர் அம்மா அவர்களை வரவேற்பறையில் உட்காரவைத்தார். உட்கார்ந்த சோபாவில் பிளாஸ்டிக் உறை. ஒவ்வொரு அசைவுக்கும் அது சலசலத்தது. சுவரில் ஐந்து கடிகாரங்கள். ஐந்திலும் கொடுத்தவர் பேர், ஐந்திலும் வேறு வேறு நேரம். அண்ணி எழுந்து ஒவ்வொரு பேராகப் படித்தாள்.

"பிள்ளைங்க இங்க வந்து உக்காருவாங்களா?" என்று கேட்டாள் குஷனக்கா.

"இது குடுக்கறவங்க உக்கார்ற ரூம்மா. பிள்ளைங்களை விட்டா அழுக்காக்கிடுவாங்களே."

"அப்போ உங்களுக்கு என்னதான் வேணும்? மனசுல இருக்கறதைச் சொல்லுங்க."

காப்பாளர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "கோவிச்சுக்காதீங்க. சோபா வெக்க இனிமே எடம் இல்ல. குளியலறையில மூணு குழாய் மாசக்கணக்கா ஒழுகுது. அதுக்கு யாரும் பேரு போட்டுக் குடுக்க மாட்டேங்கறாங்க."

மறுநாள் குஷனக்கா தனக்குத் தெரிந்த குழாய்க்காரரை அங்கே அனுப்பிவைத்தாள். பார்த்துவிட்டுத் திரும்பிய அன்றே, வீட்டு வாசலில் அண்ணி கேட்டாள்: "அந்த மூணாவது கடிகாரத்துல யாரு பேரு இருந்துச்சு? இப்பத்தான் படிச்சேன், மறந்துபோச்சு பாரு."

உஷ் மேடம் கடைக்கு வந்தது அந்த வாரத்தில்தான். உண்மையில் அது மூன்றாவது வருகை. ஆபீஸ்களில் இருக்குமே, அந்தச் சுழல் நாற்காலி ஒன்றை ஒவ்வொரு தடவையும் தூக்கிக்கொண்டு வருவார். துணி கிழியவில்லை, ஸ்பாஞ்ச் அமுங்கவில்லை. "சத்தம் மட்டும் வரக் கூடாதுங்க" என்பார். திருகை முடுக்கி எண்ணெய் விட்டு அனுப்பினால், கொஞ்ச நாளில் திரும்பி வந்துவிடும். கடையில் யாராவது சுத்தியலைக் கீழே போட்டால்கூட அவர் உதடு தானாகக் குவிந்து 'உஷ்' என்னும். பேர் அப்படித்தான் வந்தது.

"மேடம், ஆபீஸ் நாற்காலின்னா கொஞ்சம் முனகத்தான் செய்யும். இதுக்கு ஏன் இந்தப் பாடு படறீங்க? யாரு உக்கார்றாங்க இதுல?"

"பேசறவங்க."

"ரேடியோவா?"

"இல்லைங்க." அவர் தயங்கினார். பிறகு குரலைத் தணித்து விளக்கினார். ஒரு தொலைபேசி எண். யாருமில்லை என்று நினைக்கிறவர்களும், இனி இருந்து என்ன ஆகப்போகிறது என்று நினைக்கிறவர்களும் கூப்பிடுவார்கள். பேர் கேட்க மாட்டார்கள், ஊர் கேட்க மாட்டார்கள். நாலு மேசையில் முறை வைத்து நாலு பேர் உட்கார்ந்து கேட்பார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது.

"நாற்காலிக்கும் அதுக்கும் என்ன?"

"போன மாசம் ஒருத்தர் போன்ல மனசு விட்டுப் பேசிட்டிருந்தார். எங்க ஆள் கொஞ்சம் முன்னால சாஞ்சாங்க, இன்னும் கவனமா கேக்கறதுக்குத்தான். நாற்காலி கிறீச்சுன்னுது. அவர் என்ன நெனச்சார்னா, இவங்க எழுந்துட்டாங்கன்னு. 'சரிங்க, உங்களுக்கும் வேலை இருக்கும்'னு சொல்லிப் போனை வெச்சுட்டார். திரும்பக் கூப்பிட எங்ககிட்ட நம்பர் இருக்காது."

"அப்புறம்?"

"தெரியாது. எங்க வேலையில அப்புறம்னு ஒண்ணு பெரும்பாலும் தெரியாது."

குஷனக்கா கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தாள். மெதுவாக வைத்தாள். இத்தனை வருஷத்தில் நாற்காலி யார் பின்புறத்துக்கு என்றுதான் அவள் கேட்டிருக்கிறாள். அதில் உட்காராதவன் காதுக்கும் நாற்காலி செய்ய வேண்டியிருக்கும் என்று யாரும் சொன்னதில்லை.

"எவ்வளவு நேரம் உக்காருவாங்க?"

"ஒரு முறைக்கு நாலு மணி நேரம்."

"எழுந்திருக்கும்போது?"

உஷ் மேடம் யோசித்தார். "போன் வெச்ச உடனே யாரும் எழுந்திருக்க மாட்டாங்க. கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருப்பாங்க."

"உங்களுக்கு நன்கொடை எல்லாம் வராதா?"

"காட்டறதுக்கு எங்ககிட்ட என்னங்க இருக்கு? குடுக்கறவங்க வந்து பாத்தா, நாலு பேர் சுவத்தைப் பாத்து 'ம்… ம்'னு சொல்லிட்டிருப்பாங்க. போட்டோ எடுக்க முடியாது. எங்க இடம்கூட வெளியில தெரியக் கூடாது."

அன்று சாயங்காலமே குஷனக்கா அண்ணி முன்னால் போய் உட்கார்ந்தாள். நாலு நாற்காலி. அண்ணன் தோல் நாலுக்கும் சரியாக வரும். அண்ணன் சொன்ன காரியம் இதுதான் என்று தோன்றுவதாகச் சொன்னாள்.

"போர்டே இல்லாத ஆபீஸா?" என்றாள் அண்ணி. "யாரும் வராத ரூம்ல, யாருன்னே தெரியாதவங்க, யாருன்னே தெரியாதவங்ககிட்ட பேசறாங்க. நல்லா இருக்குடி உன் நல்ல காரியம். ஏமாத்து வேலையா இருந்தா?"

"மொகம் தெரியாதவங்கன்னா அவங்க பண்ணின தப்பாம்மா?" என்று மகள் உள்ளறையிலிருந்து குரல் கொடுத்தாள். வலைக்குப் போட்ட கணக்கு கைவிட்டுப் போவதில் அவளுக்கு வருத்தம்தான். ஆனாலும் தன் வாதத்தை யார் எடுத்துக்கொண்டாலும் அவளுக்குச் சந்தோஷம்.

கடைசியில் அண்ணி அரை மனசாகச் சம்மதித்தாள். ஒரே நிபந்தனை, பேர் எழுத வேண்டும். நாற்காலி முதுகில் சின்னத் தகடு வைத்துக்கொள்ள உஷ் மேடமும் ஒப்புக்கொண்டார்.

தோலை இறக்கினார்கள். கத்தி வைப்பதற்கு முன் குஷனக்கா ஒரு நாள் முழுக்க அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். முதல் நாற்காலிக்கு மட்டும் வெட்டித் தைத்தாள். வாழ்நாளில் அப்படி ஒரு நாற்காலி செய்ததில்லை. தையல் ஒவ்வொன்றும் அச்சில் வார்த்தது போல. மடிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. கார் சீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொடாமலே திரும்பிப் போனார்.

அதைச் சைக்கிள் கடை மாடியில் இருந்த அந்த அறைக்குக் கொண்டுபோனாள். கம்பளம் விரித்த தரை, தடித்த திரைகள். இரண்டு பேர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து போனில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காலியாக இருந்த மேசையில் நாற்காலியைப் போட்டு, உட்கார்ந்து பார்க்கும்படி உஷ் மேடம் சைகை காட்டினார். குஷனக்கா உட்கார்ந்தாள்.

தோல் முனகியது.

அவள் திடுக்கிட்டு அசைந்தாள். அது இன்னும் நீளமாக முனகியது. அப்படியே மூச்சைப் பிடித்துக்கொண்டு சிலையானாள். மெத்தைக்குள் இருந்த காற்று தையல் ஓட்டைகள் வழியாக, ஆள் ஒருவர் சலித்துக்கொள்வது போல, 'உஸ்…' என்று வெளியேறியது. போனில் இருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். போனின் பேசும் பகுதியைக் கையால் மூடிக்கொண்டாள். எழுந்திருக்கலாம் என்றால் எழுந்திருப்பதற்கும் தோல் ஏதோ சொல்லும். வேறு வழியில்லாமல் எழுந்தாள். சொல்லியது.

நல்ல தோல் வாய் பேசும் என்பது அவர்கள் தொழிலில் பெருமையாகச் சொல்வது. வாடிக்கையாளர் உட்கார்ந்ததும் முனகல் கேட்டால், "பாத்தீங்களா, அசல்!" என்பார்கள். சுத்தியலும் தையல் மெஷினும் ஓயாத கடையில் அந்தச் சத்தத்தை அவள் ஒரு குறையாகக் கேட்டதே இல்லை. நாற்காலியின் கிறீச்சை நீக்குவதற்காக, இருப்பதிலேயே அதிகம் வாயாடும் பொருளைத் தேடி எடுத்துப் போர்த்தியிருக்கிறாள்.

"ரொம்ப அழகா இருக்கு" என்றார் உஷ் மேடம் படிக்கட்டில், கதவைச் சாத்திவிட்டு. "ஆனா…"

"தெரியுதுங்க மேடம். நானே கேட்டேன்."

தோலுக்கும் மெத்தைக்கும் நடுவில் பவுடர் தூவிப் பார்த்தாள். கம்பளித் துணி வைத்துப் பார்த்தாள். அடியில் காற்றுப் போக ஓட்டை போட்டாள். முனகல் குறைந்தது, போகவில்லை. துணிதான் ஒரே வழி. துணிக்கும், சத்தமில்லாத சக்கரங்களுக்கும், நாற்காலியை ஏற்றி இறக்கும் நல்ல அடித்தண்டுகளுக்கும் காசு வேண்டும். காசு வர ஒரே வழி, தோலை விற்பது.

அண்ணி அதைக் கேட்டுக் கத்தவில்லை. கத்தியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"வெட்டிட்டே" என்றாள். "சரி. இருபது வருஷம் அவர் தடவித் தடவி வெச்சதை இப்போ வித்துட்டுத் துணி வாங்கப்போறே. அப்போ அவர் குடுத்ததுன்னு அதுல என்ன இருக்கு? சொல்லு. அவர் தொட்டது எது இருக்கு அதுல?"

குஷனக்கா தோலைச் சுருட்டி, பரணில் ஏற்றாமல், மேசைமேலேயே வைத்தாள். அண்ணி சம்மதிக்காமல் அதை விற்க அவளுக்கு மனசு வராது. வருஷம் திரும்ப இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. மற்ற வேலைகளைப் பார்த்துக்கொண்டே, சும்மா தெரிந்துகொள்வதற்காக, ஒவ்வொரு துணித் துண்டையும் காதோரம் வைத்துத் தேய்த்துக் கேட்டாள். பட்டு மாதிரி மினுங்குவது சரசரத்தது. முரட்டுத் துணி சொரசொரத்தது. பழைய கம்பளி கலந்த சாம்பல் நிறத் துணி ஒன்று மட்டும் எவ்வளவு தேய்த்தாலும் வாய் திறக்கவில்லை.

"துணிகிட்ட என்னடி ரகசியம் பேசறே?"

அண்ணி கடை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மதியம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற நேரம் அவளுக்கு. உள்ளே வந்து, அந்தத் தேன் நிற நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். அது முனகியது. அண்ணி அதைக் கவனிக்காதவள் போல மேசைத் தூசியைத் துடைத்தாள்.

"அந்தப் போன்ல பேசறவங்க… கூப்பிட்டது யாருன்னு கண்டுபிடிச்சிடுவாங்களா?"

"முடியாது அண்ணி. நம்பரே தெரியாதாம்."

"கொரலை வெச்சு?"

குஷனக்கா துணியைக் கீழே வைத்தாள். "அண்ணி, கூப்பிட்டீங்களா?"

"ஏமாத்து வேலையான்னு பாக்கத்தான் கூப்பிட்டேன். மருந்துக் கடை சுவத்துல ஒட்டியிருந்துது நம்பர். ஒரே நிமிஷம் பேசிட்டு வெச்சிடலாம்னு. ஏதாச்சும் சொல்லணுமே, வீட்டுக்காரர் போயிட்டார்னு ஆரம்பிச்சேன்." அண்ணி தூசி இல்லாத இடத்தையும் துடைத்தாள். "அதுக்கப்புறம் சொல்லணும்னு நெனச்சுவெச்சதெல்லாம் மறந்துபோச்சு. நெனைக்காததெல்லாம் வந்துது. கடைசி நாள் காலையில காபி ஆறிப்போச்சுன்னு அவர்கிட்ட சண்டை போட்டேன். அதை உன்கிட்டகூட சொன்னதில்ல, இல்ல?"

"இல்ல அண்ணி."

"அவகிட்ட சொன்னேன். சின்னப் பொண்ணு கொரல். 'ம்'னு சொன்னா, அவ்வளவுதான். அது சொல்லும்போதுதான் நடுவுல ஒரு கிறீச்சு." அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். "எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. போச்சு, எழுந்துட்டா. ஒரு கிழவி காபிக் கதையை எத்தனை நேரம் கேப்பா? வெச்சிடலாம்னு கை போயிடுச்சுடி."

"வெச்சுட்டீங்களா?"

"'இருக்கேம்மா, நாற்காலிதான்'னு சொன்னா."

அண்ணி சாய்ந்து உட்கார்ந்தாள். நாற்காலி நீளமாக முனகியது.

"இவரும் இப்படித்தான். வாயைத் திறந்தா மூட மாட்டார். அவர் வாங்கின தோல் வேற எப்படி இருக்கும்?" அண்ணி எழுந்தாள். "வித்துடு. இதையும் சேத்து."

"அவர் தொட்டது எதுவும் இருக்காதுன்னீங்களே?"

"உன்னைப் பழக்கினது யாரு? உன் கை இருக்கே." இதை ஏதோ உப்பு வாங்கச் சொல்வது போலச் சொல்லிவிட்டு, வாசல்வரை போனவள் திரும்பினாள். "தகடு வேண்டாம்."

"ஏன் அண்ணி? அதுதானே நீங்க கேட்டதே?"

"போன்ல அவர் பேரைச் சொல்லிச் சொல்லித்தானே அழுதேன்! நாற்காலி முதுகுல அதே பேரைப் பாத்தா, 'ஓ, அந்தக் காபி அம்மா வீட்டு நாற்காலியா இது'ன்னு அவளுக்குத் தெரிஞ்சிடாதா?"

கார் சீட்டுக்காரர் தோலையும் நாற்காலியையும் எடுத்துக்கொண்டு காசை எண்ணிவைத்தார். "என்னக்கா, அண்ணன் சொன்ன நல்ல காரியம் கடைசியில நான்தானா?"

"நீ இல்ல. உன் காசு."

அந்தக் காசு ஒரு பைசா மிச்சமில்லாமல் போயிற்று. அடித்தண்டுதான் பாதியைத் தின்றது. "அப்போ என் வலை?" என்று கேட்ட மகளுக்கு, அத்தை தன் டீக் காசைப் பிடித்துவைக்க ஒரு டப்பா வாங்கிக் கொடுத்தாள். "பாக்காத ஊருக்கும் ஏதாச்சும் போகட்டும். உன் கணக்குல தப்பு கண்டுபிடிக்க முடியல எனக்கு."

நாற்காலி வேலை அதுவரை செய்த எதையும் போல இல்லை. பலகையில் திருகு உரசும் இடங்களில் எல்லாம் கம்பளி வட்டம் வெட்டி வைத்தாள். ஸ்பிரிங் வேண்டாம் என்று தீர்மானித்து, கெட்டி ஸ்பாஞ்சும் மிருது ஸ்பாஞ்சும் அடுக்கினாள். மிருது அதிகமானால் உட்கார்ந்தவர் புதைந்துபோய் அடிக்கடி நிமிர வேண்டிவரும். நிமிர்வதே சத்தம். கைப்பிடியில் வளையலோ கடிகாரமோ இடித்தால் கேட்காதபடி அங்கேயும் துணி. ஒவ்வொரு நாற்காலியும் முடிந்ததும், மெஷினையும் மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, அண்ணியை உட்காரவைத்து ஆடச் சொன்னாள். தான் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். இரண்டாவது நாற்காலியில் ஒரு சின்ன 'டிக்' கேட்டது. கண்டுபிடிக்க ஒரு நாள் ஆனது. முழுக்கப் பிரித்தாள். உள்ளே ஒரு ஆணி, பக்கத்து ஆணியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

கொண்டுபோய்க் கொடுக்கும் நாளில் அண்ணியும் வண்டியில் ஏறிக்கொண்டாள். "வந்தா என்ன? வாயைத் திறந்தாதானே கொரல் தெரியும்" என்றாள். அண்ணி வாயைத் திறக்காமல் ஒரு மணி நேரம் இருப்பதை யாரும் பார்த்ததில்லை. மகள் பந்தயம் கட்டினாள். அத்தை எதிர்ப் பந்தயம் கட்டவில்லை.

மாடி அறையில் போன்கள் பேசிக்கொண்டிருந்தன. சைக்கிள் கடைப் பையன்கள் தூக்கிவந்த நாற்காலிகளைப் படிக்கட்டு முகப்பில் வைத்துவிட்டு, ஒவ்வொன்றாகக் கம்பளத்தின் மேல் உருட்டி உள்ளே கொண்டுபோனார்கள். முதலாவது போனது. இரண்டாவது. உஷ் மேடம் ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து, முன்னால் சாய்ந்து, பின்னால் சாய்ந்து பார்த்தார். மூன்றாவதில் உட்கார்ந்தபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதையும் சத்தமில்லாமல் சிரித்தார்.

கடைசி மேசையில் ஒரு இளம்பெண் போனை வைத்துவிட்டு, எழுந்திருக்காமல், பழைய நாற்காலியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு நிமிர்ந்து, வாசலில் நாலாவது நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்ற அண்ணியைப் பார்த்தாள்.

"எனக்காம்மா?" என்றாள்.

அண்ணியின் கை நாற்காலி முதுகில் இறுகியது. உதடு பிரிந்தது.

அண்ணி உதட்டை மூடிக்கொண்டாள். தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு நாற்காலியை மெல்ல முன்னால் தள்ளினாள். அது கம்பளத்தின் மேல் ஒரு சத்தமும் இல்லாமல் உருண்டுபோய், அந்தப் பெண் நீட்டிய கைக்குள் நின்றது.